நன்றிக் கடிதமும் நட்புக் கடிதமும்

தாய் – மகள் வாசிப்பு வட்டங்களுக்கிடையே கடிதத் தொடர்பு
(குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

கடிதங்களில் பல வகை உண்டு. இப்பாடத்தில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று நன்றிக் கடிதம், மற்றது நட்புக் கடிதம்.

நிவாரணத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு முதலாவது வகை நன்கு பழக்கமானது. பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவிய, முகம் தெரியாத ஒருவருக்கு, "தங்கள் உதவி கிடைத்தது. நாம் நலம். நன்றி" என்று எழுதிக் கொடுக்கின்றோம். நன்றி சொல்வது நல்ல பழக்கம். அதில் குறை காண்பது எமது நோக்கமல்ல. ஆனால் ஒரு சிறுமி எழுதிய கடிதங்கள் எல்லாமே நன்றிக் கடிதங்களாக இருந்தால், அவள் தன்னைப்பற்றி எதைக் கற்றுக்கொள்கிறாள்? தான் வாங்குகின்றவள், கொடுப்பதற்குத் தன்னிடம் எதுவுமில்லை என்பதையே கற்றுக்கொள்கிறாள்.

நட்புக் கடிதம் வேறு வகையானது. அதில் இருவரும் கேட்கின்றனர், இருவரும் பதில் சொல்கின்றனர். இவ்வகைக் கடிதத்துக்குத் தாயையும் மகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லும் ஒரு வழி ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. அது எப்படி உருவானது, அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

1. தாய் – மகள் வாசிப்பு வட்டம் என்றால் என்ன?

1990களின் நடுப்பகுதியில், வாஷிங்ரன் நகரில் ஷிரீன் டொட்சன் என்ற தாய் தன் ஒன்பது வயது மகளோடு சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினார். வேலைப்பளு மிகுந்த பத்துத் தாய்மாரும் அவர்களது மகள்மாரும் அதில் இணைந்தனர். அந்த அனுபவத்தை அவர் 1997ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அதன் பின்னர் இத்தகைய வட்டங்கள் அந்நாட்டின் பல இடங்களிலும் தோன்றின.

நடைமுறை மிக எளிது. தாயும் மகளும் ஒரே புத்தகத்தை வாசிக்கின்றனர். மாதம் ஒரு தடவை ஒரு வீட்டில் கூடுகின்றனர். வாசித்ததைப்பற்றிக் கதைக்கின்றனர். சேர்ந்து எதையாவது உண்டு கலைகின்றனர்.

ஒன்பது, பத்து வயதில் ஏன் தொடங்க வேண்டும்? அந்த வயதுவரை பிள்ளை எல்லாவற்றையும் தாயிடம் சொல்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பேச்சுக் குறைகிறது. "எங்கே போனாய்? ஏன் பிந்தி வந்தாய்?" என்று நேரே கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறாள். ஆனால் "கதையில் வருகிற அந்தப் பிள்ளை ஏன் தாயிடம் பொய் சொன்னாள்?" என்று கேட்டுப் பாருங்கள். மகள் பேசுவாள். கதையிலுள்ள பிள்ளையைப்பற்றிப் பேசுவதுபோல் தன்னைப்பற்றியும் பேசுவாள். தாயும் அப்படியே. "என் அம்மாவுக்கு நானும் ஒருநாள் இப்படிப் பொய் சொன்னேன்" என்று அவள் சொல்லும்போது, அதுவரை மகள் அறியாத ஒரு சிறுமி அந்தத் தாய்க்குள்ளிருந்து எழுந்து வருகிறாள். புத்தகம் இங்கே இருவருக்கும் நடுவே வைத்த விளக்குப் போன்றது. அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கின்றனர்.

2. பழைய வேர்கள்

தாயும் மகளும் எழுத்தின்மூலம் பேசுவது புதிய வழக்கமல்ல. கொங்கோட் என்பது பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். லூயிசா மே அல்கொட் அங்கிருந்துதான் 'லிட்டில் வுமன்' நாவலை எழுதினார். அதன் முதற்பகுதி 1868இல் வெளிவந்தது. அல்கொட் குடும்பம் வறுமையில் உழன்று, இருபது தடவைக்கு மேல் வீடு மாறிய குடும்பம். லூயிசா சிறுமியாயிருந்தபோது, தாய் அபிகேல் அவரது நாட்குறிப்பை வாசித்து, அதிலேயே சிறு குறிப்புகள் எழுதி வைப்பார். வாயால் சொன்னால் கண்டிப்பாகத் தோன்றக்கூடிய புத்திமதிகூட, எழுத்தில் அன்பாகப் போய்ச் சேர்ந்தது.

அவரது நாவலில் தந்தை 1861 – 1865 உள்நாட்டுப் போரில் பணிபுரியச் சென்றுவிடுகிறார். வீட்டில் தாயும் நான்கு பெண்பிள்ளைகளும் மட்டுமே. தந்தையின் கடிதம் வந்தால் தாய் வாசிக்க, எல்லோரும் சுற்றியிருந்து கேட்கின்றனர். அப்பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு சிறு பத்திரிகை நடத்துகின்றனர். அயல்வீட்டுப் பையனோடு சேர்ந்து வேலியில் ஒரு சின்னத் தபால்நிலையமும் வைக்கின்றனர். போரும் பிரிவும் நிறைந்த காலத்தில் ஒரு வீடு வாசிப்பாலும் எழுத்தாலும் தன்னைத் தாங்கிக்கொண்ட கதை அது. இதற்கு நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1873இல் பொஸ்ரனில் அன்னா ரிக்னோர் என்ற பெண்மணி, வீட்டிலிருந்தே கற்க விரும்பும் பெண்களுக்காக ஒரு சங்கத்தை நிறுவினார். பெண்கள் பல ஊர்களிலிருந்து மாதந்தோறும் கடிதம் எழுதினர். கற்பித்தவர்களும் ஊதியம் வாங்காத பெண்களே. புத்தகங்கள் தபாலில் இரவலாகச் சென்று திரும்பின. 1897இல் சங்கம் கலைக்கப்படும்வரை 7000க்கும் மேற்பட்ட பெண்கள் இதனால் பயன்பெற்றனர். அவர்கள் பின்பற்றிய முறையொன்றை நாம் மனதில் வைத்துக்கொள்வோம்: வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் எழுத வேண்டும். பார்த்து எழுதுவது கையின் வேலை. நினைந்து எழுதுவதே மனதின் வேலை.

கமக்காரக் குடும்பங்களுக்குக் கடிதம் சென்றடைந்த வரலாறும் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டில் நெடுங்காலமாகக் கிராமத்தவர் தபாலகத்துக்குத் தாமே சென்றுதான் கடிதம் எடுக்க வேண்டியிருந்தது. 1896இல் தான் பண்ணை வீடுகளின் வாசலுக்குத் தபாலைக் கொண்டுசெல்லும் சேவை பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1902இல் நிரந்தரமானது. 1905இல் மேரிலாந்து மாநிலத்தில் மேரி ரிற்கோம் என்ற நூலகர், குதிரை பூட்டிய வண்டியில் புத்தகங்களை ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். நூல்நிலையத்துக்கு வரமுடியாதவர்களைத் தேடி நூல்நிலையம் போனது. வயலை விட்டு நகரமுடியாத பெண்களுக்கு இவ்விரண்டும் பெரிய கதவுகளாகத் திறந்தன.

3. இரண்டு வட்டங்கள், இரண்டு வாழ்க்கைகள்

இவ்வட்டங்களை வைத்து ஹெதர் வோகெல் பிரெட்ரிக் என்ற எழுத்தாளர் 2007 முதல் சிறுமியருக்கான ஒரு நாவல் வரிசையை எழுதினார். அதன் கதை நடப்பதும் கொங்கோட்டில்தான். 2009இல் வெளியான மூன்றாவது நூலான 'டியர் பென் பல்' கடிதத்தைப்பற்றியது. கொங்கோட்டிலுள்ள தாய் – மகள் வட்டம், வயோமிங் மாநிலத்திலுள்ள இன்னொரு தாய் – மகள் வட்டத்துடன் பேனா நட்புக் கொள்கிறது. வயோமிங் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. மாடு வளர்க்கும் பெரும் பண்ணைகள் நிறைந்த, 6 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மாநிலம். ஒரு பக்கம் பழம்பெருமை வாய்ந்த ஊர். மறு பக்கம் பரந்த மேய்ச்சல் நிலம். நேரில் கண்டிராத இரு தரப்பினரும் கடிதத்தில் அறிமுகமாகின்றனர்.

அந்த ஆண்டில் கொங்கோட் வட்டத்தினர் வாசிக்கும் புத்தகம் 'டாடி லோங் லெக்ஸ்'. ஜீன் வெப்ஸ்ரர் 1912இல் எழுதிய இந்நாவல் பெரும்பாலும் கடிதங்களாகவே அமைந்தது. எமது பாடத்துக்கு அதன் கதை மிக முக்கியமானது.

ஜெருஷா என்ற பெண் அநாதை இல்லமொன்றில் வளர்ந்தவள். செல்வர் ஒருவர் அவளது கல்லூரிப் படிப்பின் செலவை ஏற்கிறார். தன் பெயரை அவர் வெளியிடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் ஒருநாள் விழுந்த அவரது நெடிய நிழல் மட்டுமே. அவர் விதித்த நிபந்தனை இது: பணத்துக்கு நன்றி எழுத வேண்டாம், படிப்பு எப்படிப் போகிறதென்று மாதந்தோறும் எழுத வேண்டும், ஆனால் பதில் வராது.

நன்றிகூட எதிர்பாராத பெருந்தன்மையான உதவிதான். ஆயினும் அவள் மனம் நிறைவடையவில்லை. கடிதம் கடிதமாக எழுதுகிறாள், கேள்வி கேட்கிறாள், வேடிக்கை சொல்கிறாள், பதிலே இல்லை. ஒரு தடவை நோயுற்றுக் கிடக்கும்போது மனம் நொந்து எழுதிவிடுகிறாள். அப்போதுதான் மலர்க்கொத்தும், கையால் எழுதிய சில வரிகளும் வருகின்றன. கல்லூரிச் செலவு முழுவதையும்விட அந்தச் சில வரிகள் அவளுக்குப் பெரிதாகின்றன. பின்னர் தன் எழுத்தால் சம்பாதித்த பணத்தை எடுத்துப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறாள்.

இதிலிருந்து நாம் காண்பது என்ன? நன்றி இருக்கிறதா இல்லையா என்பதல்ல முக்கியம். பதில் இருக்கிறதா என்பதே முக்கியம். பதில் வராத இடத்தில் மிகப் பெரிய உதவியும் ஒரு நிழலாகவே நின்றுவிடுகிறது. பதில் வரும் இடத்தில் நாலு வரியும் உறவாகிறது. உதவி பெற்றவருக்கு, தானும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. அதற்கு வழியில்லாதபோதுதான் மனிதர் குறுகிப்போகின்றனர்.

4. எம்மிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

"காணியும் இல்லை, வீடும் இல்லை. எதை எழுதுவது?" என்று சில தாய்மார் கேட்கக்கூடும். உதாரணமாக இப்படி எண்ணிப் பாருங்கள். வயற்கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு வட்டத்துக்கு, கடற்கரைக் கிராமமொன்றின் வட்டத்திலிருந்து கடிதம் வருகிறது. "உங்கள் ஊரில் நெல்லை எப்போது விதைப்பார்கள்? மழைக்கு முன்னரா, பின்னரா?" என்று ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள்.

மகளுக்குப் பதில் தெரியாது. அவள் இடம்பெயர்ந்த பின்னர் பிறந்தவள். தாயிடம் கேட்கிறாள். தாய் சொல்லத் தொடங்குகிறாள். ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்தது. மழை பிந்தினால் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசியில் பிட்டு அவித்தது. துலா மிதித்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே தோட்டத்துக்கு ஓடியது. மகள் "துலா என்றால் என்ன?" என்கிறாள். தாய் நிலத்தில் ஈர்க்கால் கீறிக் காட்டுகிறாள்.

அடுத்த மாதம் கடற்கரையிலிருந்து பதில் வருகிறது. வாடைக்காற்று எப்போது எழும், சோளகம் வீசும்போது தொழில் எப்படி, வலையை யார் பொத்துவது என்று அதில் எழுதியிருக்கிறது. இரு வீட்டிலும் இரு தாய்மார் ஆசிரியைகளாகிவிட்டனர். இரு மகள்மார் தம் தாய்க்கு இவ்வளவு தெரியுமா என்று வியக்கின்றனர்.

இடம்பெயர்வு நிலத்தை மட்டுமல்ல, நிலத்தைப்பற்றிய அறிவையும் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடுகிறது. வயலில் தாயின் பின்னால் நடந்து கற்க வேண்டியதை, வயலில்லாத பிள்ளை எங்கே கற்பாள்? வீட்டில் சும்மா கேட்டால் "அதெல்லாம் போன கதை" என்று தாய் பெருமூச்சு விடுவாள். தூரத்திலிருந்து ஒரு பிள்ளை உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டாள். பேனா நட்பின் பெரிய பயன் இதுவே. வெளியூருக்கு எழுதும் கடிதம் வீட்டுக்குள்ளே பேச்சைத் திறக்கிறது.

5. தொடங்கும் முறை

ஆட்கள்: ஐந்து முதல் எட்டுச் சோடி போதும். மகள்மார் ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோராக இருப்பது நல்லது. தாயை இழந்த பிள்ளை அம்மம்மாவுடனோ, சின்னம்மாவுடனோ, மாமியுடனோ வரலாம். மகளில்லாத பெண் அயல்வீட்டுப் பிள்ளையை அழைத்து வரலாம். எவரையும் விலக்க வேண்டாம்.

புத்தகம்: ஒரு பிரதி இருந்தாலே போதும். முறைவைத்து உரத்து வாசிக்கலாம். எமது ஊர் வாசிகசாலைகளில் ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பலர் கேட்டிருந்த பழக்கம் எமக்குப் புதிதல்ல. ஒரு மாதம் மகள்மாரும் மறு மாதம் தாய்மாரும் புத்தகத்தைத் தெரிவு செய்யட்டும்.

கூடும் நாள்: மாதம் ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம். விதைப்பு, அறுவடைக் காலங்களில் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கதைக்கும் ஒழுங்கு: மூன்று விதிகளை முதல்நாளே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது, இது பரீட்சையல்ல. தாய் மகளைச் சோதிக்கக்கூடாது. இரண்டாவது, இங்கே சொன்னதை வீட்டுக்குச் சென்று ஏசுவதற்குப் பயன்படுத்தக்கூடாது. மூன்றாவது, எல்லோரும் ஒரு தடவை பேசிய பின்னரே ஒருவர் இரண்டாம் தடவை பேசலாம். மகள்மாரே முறைவைத்துக் கூட்டத்தை நடத்தட்டும்.

கடிதம்: இன்னொரு கிராமத்தில் அல்லது முகாமில் ஒரு வட்டத்தைத் தேடிக்கொள்ளுங்கள். ஒரே கடிதவுறையில் இரண்டு வகையான தாள்கள் செல்லலாம். ஒன்று பொதுக்கடிதம்: என்ன வாசித்தோம், எதைப்பற்றி எமக்குள் வாக்குவாதம் வந்தது, உங்களிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி. மற்றது சோடிக் கடிதம்: ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மகள் எழுதுவாள், மறுபக்கத்தில் தாய் எழுதுவாள். வாசித்த கதையைப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுங்கள்.

எழுதத் தெரியாத தாய்: இவருக்குத்தான் இம்முறை அதிகம் பயன்படும். தாய் சொல்ல மகள் எழுதட்டும். ஆனால் தாயின் சொல்லை மகள் திருத்தக்கூடாது. பேச்சு வழக்கில் சொன்னால் அப்படியே எழுத வேண்டும். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, தாய் சம்மதித்த பின்னரே உறையிலிட வேண்டும். தன் பெயரை எழுதத் தாய் பழகிக்கொள்ளலாம். முதற்கடிதத்தில் பெயர், பத்தாவது கடிதத்தில் ஒரு வரி என்று வளரும்.

கணக்கு: ஒரு கொப்பியில் அனுப்பிய திகதியையும் பதில் கிடைத்த திகதியையும் குறித்து வையுங்கள். முத்திரைச் செலவை எல்லோரும் பங்கிடுங்கள். வந்த கடிதங்களை ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள்.

இன்று தொலைபேசி கையிலிருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடுகிறது. கடிதத்தைப் பத்துப்பேர் கூடியிருந்து கேட்கலாம், மறுபடி வாசிக்கலாம், பத்து வருடத்தின் பின்னரும் எடுத்துப் பார்க்கலாம். பதில் வரும்வரை காத்திருப்பதும் ஒரு பயிற்சியே. விதைத்தவருக்கு அது தெரியும்.

6. கவனிக்க வேண்டியவை

பொருள் கேட்க வேண்டாம். பணமோ உடுப்போ கேட்டு எழுதினால், நட்புக் கடிதம் அன்றே விண்ணப்பமாகிவிடும். கேட்டவர் தாழ்ந்தும், கேட்கப்பட்டவர் ஒதுங்கியும் போவர். உண்மையான தேவை இருந்தால் அதற்குரிய இடத்தில் கேட்போம்.

துயரத்தை எழுதும்படி எவரையும் வற்புறுத்த வேண்டாம். இழப்பைப்பற்றி ஒரு பிள்ளை தானாக எழுதினால் தாய் அருகிலிருக்கட்டும். "நடந்ததை எழுது, வாசிக்கிறவர்கள் உருகுவார்கள்" என்று எந்தப் பெரியவரும் சொல்லக்கூடாது. மற்றவர் வீட்டுக் கதையை எழுதவும் கூடாது.

முகவரி பொதுவானதாக இருக்கட்டும். பாடசாலை, சனசமூக நிலையம், மாதர் சங்கம் போன்ற ஓரிடத்தின் முகவரிக்கே கடிதங்கள் வரட்டும். பிள்ளையின் வீட்டு முகவரியையும் படத்தையும் அனுப்ப வேண்டாம். மறுபக்கத்திலும் ஒரு பொறுப்பான பெண்மணி இருக்கிறார் என்பதை முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம். மறுபடி ஒரு தடவை எழுதுங்கள். அறுவடையோ, வெள்ளமோ, நோயோ காரணமாக இருக்கலாம். அதுபோல, உங்களுக்கு வந்த கடிதம் ஒரு மாதத்துக்குமேல் பதிலின்றிக் கிடக்க விடாதீர்கள். எழுதுவதற்கு விடயம் இல்லையென்றால் "கடிதம் கிடைத்தது, அடுத்த மாதம் எழுதுகிறோம்" என்ற ஒரு வரியாவது செல்லட்டும்.

ஒரு குடும்பம் மீண்டும் இடம்மாறினால், வட்டத்தின் முகவரியையும் மறு வட்டத்தின் முகவரியையும் மகளின் கொப்பியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். போன இடத்திலிருந்து அவள் எழுதும் முதற்கடிதம் உங்கள் வட்டத்துக்கே வரட்டும்.

கலந்துரையாடலுக்கான கேள்விகள்

1. எமது பிள்ளைகள் இதுவரை யாருக்குக் கடிதம் எழுதியிருக்கின்றனர்? அவற்றுள் எத்தனைக்குப் பதில் வந்தது?

2. ஜெருஷாவுக்கு உதவியவர் பதில் எழுதாமல் விட்டது சரியா? உதவி செய்கின்றவருக்கும் பெறுகின்றவருக்கும் இடையே எத்தகைய பேச்சு இருக்க வேண்டும்?

3. தாய்மாருக்கு: உங்கள் மகளின் வயதில் நீங்கள் செய்த, ஆனால் அவள் இதுவரை கண்டிராத வேலை எது?

4. மகள்மாருக்கு: அம்மாவிடம் இதுவரை கேட்காத ஒரு கேள்வி என்ன?

5. வேறு தொழில், வேறு சமயம், வேறு மொழி உள்ள ஒரு வட்டத்துடன் நட்புக் கொள்ள நாம் ஆயத்தமா? எது எம்மைத் தடுக்கிறது?

இம்மாதச் செயற்பாடு

தாயும் மகளும் ஒரு கதையை ஒன்றாக வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, ஒரே தாளின் இரு பக்கங்களிலும் நினைவில் நின்றதை எழுதுங்கள். அடியில் அறிய விரும்பும் ஒரு கேள்வியை எழுதுங்கள். பின்னர் தாளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வட்டத்தின் முதற்கடிதம் அத்துடன் ஆயத்தமாகிவிட்டது. இனி அதை அனுப்ப ஓர் ஊரைத் தேடுவதே மிச்சம்.